வில்லன் வேஷமும் நமது புத்தியும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில், நாடகம் தொடங்குமுன் பேசியது)



இன்றிரவு நடக்கவிருக்கும் நாடகத்திற்கு முன்னால் அரைமணி நேரம் ஏதாவது பேசவேண்டுமென்று காரியதரிசி கேட்டார். எதைப்பற்றிப் பேசுவது என்று நான் அவரையே திருப்பிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன சங்கதி இது. சென்ற ஆண்டு நாடகத்தில் கந்துவட்டிக்காரர் வேஷம் போட்ட தோழர் இந்தத் தெருக்கோடியில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். வேஷத்தை நன்றாக நடித்துவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம். மறுநாள் முதல் அவருடைய கடைக்கு "வட்டிக்கடை" என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். கேலி நாலு நாளில் நிஜமாகி, இரண்டு மாதம் அவர் கடையில் வெற்றிலை பாக்கு விற்பதுகூடக் கஷ்டமாகிவிட்டதாம். "அந்த ஆள் நிறுத்துக் கொடுப்பதிலே சந்தேகமாயிருக்கிறது" என்று ஒரு அம்மாள் சொன்னார்களாம். பதினைந்து வருஷமாக அதே தராசில் நிறுத்துக் கொடுத்தவர் அவர். தராசு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஒரு ராத்திரி ஒட்டுமீசை வைத்துக் கொண்டார், அவ்வளவுதான். இதன் பலனாக இந்த வருஷம் அந்த வேஷத்திற்கு ஆள் வரவில்லை. கதாநாயகன் வேஷத்திற்கு மாத்திரம் ஆறு பேர் வந்து நின்றார்களாம். (சிரிப்பு)

ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். நான் நாடகக் கலையில் பண்டிதனல்ல. சினிமா பார்க்கிறவன், பார்த்ததை யோசிக்கிறவன், அவ்வளவுதான். நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்தியில் வைத்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது, 1960ஆம் வருஷ வாக்கில், வடஆற்காடு ஜில்லாவில் எங்கள் கிராமத்தில் பாரதக் கூத்து நடந்தது. துகில் உரிகிற ராத்திரி. துச்சாதனன் வேஷம் போட்டவர் பகலில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிற ஏழை. அவர் சேலையில் கைவைக்குமுன் கூத்தை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கைவைத்தார். அப்படியும் ஜனங்கள் அவரை விட்டார்களா என்றால் இல்லை. மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து தண்ணீர் கேட்டபோது, என் பாட்டி செம்பை அவர் கையில் கொடுக்காமல் தூர நின்று ஊற்றினாள். "பாவி, பாவி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அவர் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுக் காளவாய்க்குப் போனார்.

இதுவரை சொன்னது எல்லா ஊரிலும் நடக்கிற கதை. நான் சொல்ல வந்தது வேறு. அன்றிரவு கூத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஊர்ப் பண்ணையார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் வட்டிப் பாக்கிக்காக ஒரு அறுதலியின் வீட்டுக் கறவை மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகச் சொன்னவர் அவர். அவள் தெருவில் விழுந்து புரண்டு அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவர் திரௌபதை கதறியபோது தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்! அதைப் பார்த்து ஊரார், "என்ன இளகின மனசு" என்று வியந்தார்கள். கூத்து முடிந்ததும் முதல் வெற்றிலைத் தட்டு அவருக்குத்தான் போயிற்று. வேஷக்காரருக்குத் திட்டு, நிஜக்காரருக்குத் தட்டு. அந்த வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பின்னால் யோசிக்க யோசிக்கத்தான், ஜனங்களின் கோபம் போகவேண்டிய இடத்திற்குப் போகாமல் வழியிலேயே ஒரு ஏழை வேஷக்காரன் தலையில் இறங்கிவிட்டது என்பது தெரிந்தது.

கூத்து போய், கம்பெனி நாடகம் வந்து, டாக்கி வந்து, இன்றைக்கு அவனவன் உள்ளங்கையிலேயே படம் ஓடுகிற காலம் வந்தும், இந்தப் புத்தி மாறியிருக்கிறதா என்றால், அதிகம் மாறவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எம்.என். நம்பியார் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் மலையாள நாட்டில் பிறந்து, சிறு பிராயத்திலேயே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1935இல் பக்த ராமதாஸ் என்ற டாக்கியில் தலைகாட்டி, 2008 நவம்பரில் சென்னையில் காலமானவர். இடையில் எத்தனை கொடுமை செய்தார்! 1965இல் வந்த எங்க வீட்டுப் பிள்ளையில் மனைவியின் தம்பியைச் சாட்டையால் அடித்தார். அதே வருஷம் ஆயிரத்தில் ஒருவனில் கடற்கொள்ளைத் தலைவனாக வந்தார். அவர் கையைப் பிசைந்து, கண்ணை ஒரு பக்கம் ஓட்டி, குரலை இறக்கிவிட்டால் போதும், கொட்டகையில் பெண்டுபிள்ளைகளுக்குக் குலை நடுங்கும். வீட்டிலோ அந்த மனிதர் குடியாதவர், புகைக்காதவர், மாமிசம் உண்ணாதவர், மனைவி சமைத்ததைச் சாப்பிடுகிறவர். சாட்டை எடுத்தவரை நிஜமாகவே பெண்கள் சபித்தார்கள். அதே சாட்டையைப் பிறகு எம்.ஜி.ஆர். எடுத்துத் திருப்பி அடித்தபோது கொட்டகையே கூரை பிய்ந்துபோகும்படி ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் பாதி நம்பியார் சம்பாதித்துக் கொடுத்தது என்பதை எத்தனை பேர் யோசித்தார்கள்? அடித்தவன் கொடியவனாகத் தெரியாவிட்டால் தடுத்தவன் வீரனாகத் தெரிவானா? கதாநாயகனுக்குக் கிடைத்த மாலையில் வில்லன் தொடுத்த பூ எவ்வளவோ உண்டு.

இங்கே ஒரு வார்த்தை. நம்பியார் அவர்கள் நல்லவர் என்று நிரூபிக்க வந்தவர்கள் எல்லோரும், "அவர் சபரிமலைக்கு எத்தனையோ தடவை போனவர், குருசாமி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாலை போட்ட மாதத்தில் அவர் காலில் விழுந்தவர்களும், அதே மாதம் சினிமாக் கொட்டகையில் அவரை வைதவர்களும் ஒரே ஜனங்கள்தான். அவர் மலைக்குப் போனது அவர் இஷ்டம். அதில் எனக்கு உடன்பாடில்லை, அவரும் என்னிடம் உடன்பாடு கேட்டு வரவில்லை. மலைக்குப் போகிற அயோக்கியனும் உண்டு, போகாத யோக்கியனும் உண்டு. அந்த மனிதர் தொழிலில் ஒழுங்காயிருந்தார், பிறருக்குத் தீங்கு செய்யாதிருந்தார் என்றால் அதுவே போதும். மீசையைப் பார்த்துக் கெட்டவன் என்பதற்கும், மாலையைப் பார்த்து நல்லவன் என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் மேலே போட்டிருப்பதைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தீர்மானிப்பதுதானே?

1950இல் மந்திரி குமாரி வந்தது. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதியது. அதில் நம்பியாருக்கு ராஜகுரு வேஷம். தன் மகன் பார்த்திபனைச் சேனாபதியாக்க வேண்டுமென்று அரசன் பக்கத்திலேயே இருந்து சூழ்ச்சி செய்கிற குருநாதர். மகனாக நடித்தவர் எஸ்.ஏ. நடராஜன். கொள்ளையடிப்பதும் ஒரு கலை என்று வாதாடுகிற அளவுக்கு இனிக்க இனிக்கப் பேசுகிற அயோக்கியன் வேஷம் அவருக்கு. இந்த இரண்டு பேரும் அப்படத்தில் செய்தது நமக்குச் செய்த பேருபகாரம் என்பேன். ஏனென்றால், கெட்டவன் கோரைப்பல்லோடும் கொம்போடும் வருவான் என்றுதான் புராணம் நமக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. கெட்டவன் காவி கட்டியும் வருவான், அழகாய்ச் சிரித்துக்கொண்டும் வருவான், நியாயம் பேசிக்கொண்டும் வருவான் என்று இவர்கள் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், தன் ஊரில் அப்படி இருக்கிற ராஜகுரு யார் என்றல்லவா தேடவேண்டும்? அதை விட்டு நம்பியாரையும் நடராஜனையும் திட்டிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டால், ஊர் ராஜகுருவுக்கு அதைவிடச் சவுகரியம் வேறென்ன இருக்கிறது?

நாயகன் பக்கமும் இதே கதைதான். 1987இல் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் ராமாயணம் தொடங்கிற்று. ராமன் வேஷக்காரரைக் கண்ட இடத்தில் காலில் விழுந்தார்கள். சீதையாக நடித்தவரும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் பார்லிமெண்டுக்கே போனார்கள். ராமனாக நடித்த அருண் கோவில் 2024இல் போனார். ராவணன் வேஷம் போட்ட திரிவேதி சொந்த வாழ்க்கையில் ராம பக்தர் என்பது இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் போனது தவறென்று நான் சொல்லவில்லை, யாரும் நிற்கலாம். ஓட்டுப் போட்டவன் மனிதனுக்குப் போட்டானா, கிரீடத்துக்குப் போட்டானா என்பதுதான் என் கேள்வி.

சரி, "நம்முடைய எம்.ஆர். ராதா அவர்கள் சங்கதி என்ன? திரையில் வில்லன், வெளியிலும் சுட்டாரே" என்று ஒரு தோழர் இங்கே கேட்கக்கூடும். கேட்கவேண்டியதுதான், நம்மவர் என்பதற்காக மூடி மறைப்பது யோக்கியமல்ல. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். வீட்டில் துப்பாக்கி வெடித்தது. இருவருக்கும் காயம், இருவரும் பிழைத்தார்கள். ராதா அவர்கள் குற்றவாளியென்று கோர்ட்டில் தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போனார். கோர்ட் சாட்சியத்தையும் குண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிற்று. ஜனங்களோ அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எதைப் பார்த்து? ஐம்பது சினிமாவைப் பார்த்து! "வில்லன் நாயகனைச் சுட்டுவிட்டான்" என்பதுதான் தெருவில் பேச்சு. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் அடுத்த மாதத் தேர்தலில் சுவர்தோறும் ஒட்டப்பட்டது, அவர் ஜெயித்தார். ராதா செய்தது தவறு. அதற்குத் தண்டனை அனுபவித்தார். ஆனால் அவர் சுட்டதற்குக் காரணம் அவர் போட்ட வேஷம் என்றால், நூறு படத்தில் கொலை செய்த நம்பியாரும் பி.எஸ். வீரப்பாவும் யாரைச் சுட்டார்கள்?

ராதா அவர்களின் ரத்தக் கண்ணீர் நாடகமாய்ப் பல ஊர்களில் நடந்து, 1954இல் படமாயிற்று. தாயை அவமதித்து, மனைவியை உதைத்து, தாசி வீடே கதியென்று கிடக்கிற மோகனசுந்தரம் அவர். இவ்வளவு வெறுக்கத்தக்கவனாக ஒரு கதாநாயகன் அதற்கு முன் தமிழில் வந்தானோ என்னமோ, வெறுத்துக்கொண்டே ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே யோசித்தார்கள். மூடப்பழக்கத்தை அவர் குத்திய குத்து இன்றைக்கும் ரணமாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. செய்த பாவத்துக்குத் தண்டனை போல அவனுக்குக் குஷ்டம் வருகிறது. குஷ்டம் பாவத்தால் வருவதல்ல, ஒரு கிருமியால் வருவது என்று 1873ஆம் வருஷத்திலேயே நார்வே தேசத்து ஹான்சன் என்ற டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கு மருந்தால் முற்றிலும் குணமாகிற வியாதி அது. படம் பார்த்தவன் மோகனசுந்தரத்தின் திமிரை வெறுத்தான், சரி. கூடவே தெருவில் போகிற ஒரு பாவமும் அறியாத நோயாளியையும் வெறுத்தான். நடிகர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கு அந்த வெறுப்பும் பரவும். கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பார்த்துக் கைதட்டினால் போதாது. இந்தப் படம் யாரை வெறுக்கச் சொல்லுகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், ஜெர்மனியில் நடந்த ஒரு சங்கதி என் மனதில் இருக்கிறது. ஸூஸ் ஓப்பன்ஹைமர் என்று ஒரு யூதர். உர்ட்டம்பெர்க் என்ற நாட்டுப் பிரபுவிடம் கஜானா விவகாரம் பார்த்தவர். பிரபு செத்ததும் அவரைப் பிடித்து 1738இல் தூக்கில் போட்டுவிட்டார்கள். இந்த ஒரே மனிதரைப் பற்றி இரண்டு சினிமா வந்தது. 1934இல் இங்கிலாந்தில் எடுத்த படத்தில் ஸூஸாக நடித்தவர் கான்ராட் வைட். இவர் பெர்லினில் பிறந்த பெரிய நடிகர். மனைவி யூதப் பெண். ஹிட்லர் ஆட்சி வந்ததும், தாம் யூதராயில்லாவிட்டும், நாஜிகள் கேட்ட பாரத்தில் இனம் என்ற இடத்தில் "யூதன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1933இல் நாட்டைவிட்டே வெளியேறியவர் என்று சொல்லுவார்கள். அவர் நடித்த படம் யூதர்களுக்கு இழைத்த அநீதியைச் சொல்லிற்று. 1940இல் பெர்லினில் கோயபல்ஸ் மேற்பார்வையில் அதே மனிதரின் கதையைத் தலைகீழாக்கி எடுத்தார்கள். டைரக்டர் வைட் ஹார்லன்; ஸூஸாக நடித்தவர் பெர்டினாண்ட் மரியான். இனிக்கப் பேசிக் குடியைக் கெடுப்பவன், பெண்ணைக் கற்பழிப்பவன், கடைசியில் தூக்கில் தொங்குபவன் என்று காட்டினார்கள். மரியான் நன்றாக நடித்தார்! அதுதான் அங்கே விபரீதம். சுமார் 2 கோடி பேர் பார்த்தார்கள். தன் எஸ்.எஸ். படையும் போலீசும் கட்டாயம் பார்க்கவேண்டுமென்று ஹிம்லர் உத்தரவு போட்டான். நம்முடைய பெட்டிக்கடைக்காரர் வேஷம் போட்டதற்கு அவருடைய வியாபாரம்தான் கெட்டது. அங்கேயோ வெறுப்பு வேஷக்காரரோடு நிற்கவில்லை. யூதனென்று பெயர் கொண்ட கிழவன், குழந்தை, எல்லோர் மேலும் போயிற்று. 60 லட்சம் பேரைக் கொன்ற காரியத்தில் அந்தப் படத்திற்கும் ஒரு பங்கு உண்டு.

மரியான் 1946இல் ஒரு மோட்டார் விபத்தில் செத்தார். ஹார்லன்மேல் யுத்தத்திற்குப் பிறகு கேஸ் நடந்து, விடுதலையாகிவிட்டார். வைட் என்ன செய்தார்? அமெரிக்காவுக்குப் போய், 1942இல் காஸாபிளாங்கா என்ற படத்தில் ஸ்ட்ராஸர் என்ற நாஜி மேஜராக நடித்தார். தம்மை நாட்டைவிட்டு ஓட்டியவன் எப்படி நிற்பான், எப்படி மரியாதையாகப் பேசிக்கொண்டே மிரட்டுவான் என்பதை அறிந்தவர் அவர். உலகமே வெறுக்கும்படி அந்த வேஷத்தைச் செய்தார். அடுத்த வருஷமே மாரடைப்பால் மாண்டார். இரண்டு பேரும் வெறுப்பைத் தூண்டினவர்கள்தான். ஒருவர் கொடுமை செய்கிறவன்மேல் தூண்டினார். ஒருவர் கொடுமை அனுபவிக்கிறவன்மேல் தூண்டினார். நம் நாட்டில் அசுரன் என்றும் அரக்கன் என்றும் யாரைக் கறுப்பாகவும் குரூரமாகவும் வரைந்து, வருஷா வருஷம் கொன்று பலகாரம் சாப்பிடுகிறோம் என்பதையும் இதோடு சேர்த்து வீட்டில் போய் யோசியுங்கள்; இங்கே அதை விரித்தால் நாடகம் தொடங்க விடியற்காலமாகிவிடும்.

தாய்மார்களுக்காக ஒன்று சொல்லுகிறேன். வில்லன் வேஷத்தைவிடக் கஷ்டமானது வில்லி வேஷம். தில்லானா மோகனாம்பாளில், 1968இல், மகளைப் பணக்காரனிடம் தள்ளப் பார்க்கிற தாயாக சி.கே. சரஸ்வதி நடித்ததை இன்றும் சொல்லித் திட்டுகிறார்கள். தள்ள நினைத்த பணக்காரர்களின் பெயர் யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை ஒரு தொடர் நாடகம் வந்தது. அதில் போதை மருந்து காய்ச்சி விற்று, கொலையும் செய்கிறவன் ஒரு உபாத்தியாயர். அதைத் தட்டிக் கேட்கிற மனைவியாக அன்னா கன் என்ற அம்மாள் நடித்தார். ஜனங்கள் யாரை வெறுத்தார்கள்? கொலைகாரனை அல்ல, கேள்வி கேட்ட மனைவியை! வெறுப்பு அந்த அம்மாள்மேலேயே பாய்ந்து, 2013இல் பத்திரிகையில் அவரே எழுதவேண்டியதாயிற்று. புருஷனை எதிர்த்துக் கேட்பவள் வில்லிதான் என்ற புத்தி கடல் தாண்டியும் ஒன்றாகத்தானிருக்கிறது.

குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால், முடியும். மார்கரெட் ஹாமில்டன் என்ற அம்மாள் ஆதியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர். 1939இல் ஒரு படத்தில் பச்சை முகத்தோடு சூனியக்காரியாக வந்தார். படப்பிடிப்பில் தீப்பற்றி முகமும் கையும் வெந்து ஆறு வாரம் படுத்திருந்தார். படம் வந்தபின் பல வருஷம் குழந்தைகள் அவரைக் கண்டு பயந்தார்கள். குழந்தைகளிடம் பிரியமுள்ளவருக்கு இதைவிட வருத்தம் வேறென்ன? 1975இல் ஒரு குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சிக்குச் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்து, பாவாடையையும் மேலங்கியையும் தொப்பியையும் ஒவ்வொன்றாக எல்லோர் கண்ணெதிரிலும் போட்டுக் காட்டினார். இப்போது யார் என்றால் சூனியக்காரி. கழற்றினால் பழைய அம்மாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது விளங்கிற்று.

காரியதரிசி மணியைக் காட்டுகிறார். கடைசியாக ஒரு விஷயம். கந்துவட்டிக்காரர் வேஷத்திற்கு ஆள் கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா? போன செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. அந்த ஆள் நான்தான். (சிரிப்பு, கைத்தட்டல்) இந்த வயதில் எனக்கு வசனம் நிற்குமோ நிற்காதோ, திட்டு மட்டும் நன்றாக வாங்கவேண்டுமென்று ஆசை. ஒட்டுமீசையைச் சென்ற ஆண்டு அந்த வேஷம் போட்ட தோழரே கொண்டுவந்திருக்கிறார். திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார். நாளைக் காலையில் அவர் கடை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். வெற்றிலை வாங்க வருகிறவர்கள் அங்கே என்னைப் பார்க்கலாம்.